வெட்டா, கிழிசலா

பிரகதாம்பாளைப் பத்தி யாராச்சும் கேட்டா எனக்கு மொதல்ல கோவந்தான் வரும். பாதிக் கோவம் அவ மேல, மீதி அவ பொறந்த எடத்து மேல. அதைக் கொட்டிட்டுத்தான் மத்தது பேச முடியும். பொறுமையாக் கேளுங்க.

நான் பொன்னுத்தாய். புதுக்கோட்டையில ராசா ஆண்ட காலத்துலயே ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தவ. எங்கயும் போய்ப் படிச்சு வந்த நர்ஸ் இல்ல, வேலையில நின்னு கத்துக்கிட்ட நர்ஸ். நாப்பத்தெட்டுல சமஸ்தானத்தைச் சர்க்காரோட சேத்தாங்க. அந்த வருசம் அவ மெட்ராசுல நர்ஸ் படிப்பை முடிச்சுட்டு எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா. வல்லத்திராக்கோட்டைப் பொண்ணு. ஒடிசலான ஒடம்பு, கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத வெள்ளைச் சீலை, இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு. எனக்கு அப்பவே நாப்பது தாண்டிருச்சு.

அவ வந்து கொஞ்ச நாள்ல பெரிய டாக்டர் சூசைராஜ் எங்க எல்லாரையும் கூப்பிட்டாரு. "இனிமே மத்தியானத்துல பிரகதாம்பாள் ஒங்களுக்குப் பாடம் எடுப்பாங்க. காயத்தைப் பாத்த ஒடனே அது என்ன காயம்னு சொல்லப் பழகணும்"னாரு.

எனக்குச் சுருக்குனு வந்துச்சு. "என்னங்க டாக்டர் இது, இத்தனை வருசமா நாங்க கட்டுன கட்டெல்லாம் என்ன கோமணமா?"ன்னு கேட்டுட்டேன். மனுசன் தங்கமானவரு, சிரிச்சாரு. "கட்டுறதுல ஒங்கள மிஞ்ச ஆளில்ல பொன்னுத்தாய். ஆனா நான் வந்து பாக்கறதுக்குள்ள நீங்க முடியை மழிச்சு, கழுவி, மருந்து போட்டு, பளிச்சுன்னு வச்சிருக்கீங்க. என்ன காயம்னு கேட்டா புண்ணுங்கிறீங்க. போலீசுக்காரன் வந்து நிக்கிறப்ப நான் எதைப் பாத்து எழுதறது?"

அவரு சொன்னதுல நாயம் இருந்துச்சு. நம்ம பேச்சுல எல்லாமே புண்ணுதானே. வாயில வந்தாலும் புண்ணு, வயித்துல வந்தாலும் புண்ணு, மாமியா பேசிட்டா மனசுல புண்ணு. செருப்புக் கடிச்சதும் புண்ணுதான், சக்கரை வியாதிக்காரன் காலு அழுகிக் கெடக்கறதும் புண்ணுதான். போதாக்கொறைக்கு எங்க பக்கத்துல சண்டைன்னு வந்துட்டா எல்லாம் வெட்டு. கம்பால அடிச்சிருப்பான், கல்லை வுட்டு எறிஞ்சிருப்பான், அடி வாங்கினவன் வண்டியை விட்டு எறங்கறப்பவே "வெட்டிப்புட்டான்யா"ன்னுதான் கத்துவான். அடிச்சான்னு சொன்னா கேவலம், வெட்டினான்னு சொன்னாத்தான் கெத்து. நாங்களும் அந்தப் பேச்சை அப்படியே வாங்கி டாக்டர்கிட்ட "வெட்டுக் காயங்க"ன்னு சொல்லிருவோம். அப்படித்தான் ஒருத்தன், கம்பால அடிச்சவன், அருவாக் கேசுல உள்ள போயிட்டானோன்னு டாக்டருக்கு ஒரு உறுத்தல்.

சரி, நாயம் டாக்டர் பக்கம் இருக்கட்டும். அதுக்காக இந்தச் சின்னப் புள்ளைகிட்டப் போயி நான் கைகட்டி ஒக்காரணுமா? மொத நாள் வேணும்னே கடைசி பெஞ்சுல ஒக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டிருந்தேன். அவ அதைக் கண்டுக்கவே இல்ல. "புண்ணு வந்திருக்குன்னு என்கிட்டச் சொல்லாதீங்கக்கா. வீட்டுக்கு ஆளு வந்திருக்குன்னு சொன்னா யாரு, எந்த ஊருன்னு கேக்க மாட்டோமா? அது மாதிரிதான். தோல் தேஞ்சு போச்சா, கீறிப் போச்சா, குத்திப் போச்சா, கிழிஞ்சு போச்சா, வெந்து போச்சா, படுத்தே கெடந்து நைஞ்சு போச்சா? யாருன்னு சொல்லுங்க"ன்னா. வாயில இருந்த வெத்தலையை மெல்ல மறந்துட்டேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை அவ செஞ்ச கூத்தைச் சொன்னா நம்ப மாட்டீங்க. கறிக்கடையிலேருந்து ரெண்டு ஆட்டுத்தலை வாங்கிட்டு வந்தா. வாட்டாத தலை, முடியோட. ஒண்ணை அருவாளால ஒரு போடு, இன்னொண்ணை ஒலக்கையால ஒரு அடி. ரெண்டையும் மேசையில வச்சு, "எது வெட்டு, எது அடி?"ன்னா. நாங்க எல்லாரும் சுத்தி நின்னு பாத்தோம். ரெண்டுமே கோடு கிழிச்ச மாதிரி நேரா பொளந்து கெடந்துச்சு. "ரெண்டும் வெட்டுத்தான்"னு அடிச்சுச் சொன்னேன். பூதக்கண்ணாடியைக் கையில குடுத்தா.

"மண்டையில எலும்பு மேலயே தோல் கெடக்குதுக்கா. கம்பால அடிச்சாலும் வெட்டின மாதிரிதான் பொளந்துக்கும், கண்ணு ஏமாந்து போயிரும். உள்ள பாருங்க. அருவா விழுந்த எடத்துல எல்லாம் அறுந்து போயிருக்கு, முடியும் சேந்து அறுந்திருக்கு. இங்கிட்டுப் பாருங்க, ரெண்டு ஓரத்துக்கும் நடுவுல நார் நாரா ஒட்டிக்கிட்டு நிக்குது. முடி அறுபடல, நசுங்கிக் கெடக்கு. இது வெட்டு இல்ல, கிழிசல். செத்த ஆடுங்கிறதால ரத்தக்கட்டுத் தெரியல, மனுசனுக்கு ஓரம் கன்னிப் போயிருக்கும். அதனாலதான் சொல்றேன், கத்தரிக்கோலை எடுக்கறதுக்கு முன்னாடி கண்ணாடியை எடுங்க. மழிச்சுக் கழுவிட்டா சொல்றதுக்கு அங்க ஒண்ணும் இருக்காது."

அடி ஆத்தீ, என்னா கண்ணுடி ஒனக்குன்னு நெனச்சுக்கிட்டேன். வாய் விட்டுச் சொல்லல, எனக்கும் ரோசம் இருக்குல்ல? பாடம் முடிஞ்சதும் ரெண்டு தலையும் எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு. மொளகு தூக்கலாப் போட்டுக் கொழம்பு வச்சு, அவளையும் அவ புருசன் கண்ணுசாமியையும் கூப்பிட்டுச் சோறு போட்டேன். அன்னையிலேருந்து நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டோம்.

அவளுக்குத் தாய்வீடுன்னு இருந்தது ஒரே ஒரு தம்பி, நாகராசு. ஆத்தா அப்பன் ரெண்டு பேரும் அடுத்தடுத்துப் போயிட்டாங்க. அவனை இடுப்புல வச்சு வளத்தவ இவதான். சம்பளத்துல பாதி அவனுக்குப் போகும், அவனும் வெறுங்கையோட வரமாட்டான். கடலை, பலாப்பழம், தட்டாம்பயறுன்னு ஏதாச்சும் தூக்கிக்கிட்டு வருவான். இவளுக்கு மீனம்மாள்னு ஒரே பொண்ணு. "தாய்மாமன் மடியில வச்சுத்தான் காது குத்தணும், குலதெய்வத்துக்கிட்ட வேண்டியிருக்கேன்"னு சொல்லிக்கிட்டே இருப்பா.

அம்பத்திரெண்டு ஐப்பசின்னு நெனைக்கிறேன். மழை விட்டு வெயிலடிச்ச ஒரு மத்தியானம், ஒரு மாட்டு வண்டி ஆஸ்பத்திரிக்குள்ள வந்துச்சு. கூடவே ஏழெட்டுப் பேரு கத்திக்கிட்டு வாராங்க. வண்டிக்குள்ள நாகராசு. தலையில துண்டைச் சுத்தியிருக்கு, துண்டெல்லாம் ரத்தம். வரப்புத் தகராறாம். இவங்க சித்தப்பன் மவன் அழகுமலைதான் எதிராளி. வேலி வெட்டிக்கிட்டிருந்தவன், கையில அருவா இருந்திருக்கு. பின்னாடியிலேருந்து மண்டையில போட்டுட்டான். "அருவாளால வெட்டிப்புட்டான், அழகுமலையைப் போலீசு புடிச்சு வச்சிருக்கு, இங்க வெட்டுன்னு சொல்லிட்டா ஏழெட்டு வருசம் உள்ள கெடப்பான்"னு கூட வந்தவங்க குதிக்கிறாங்க.

டிரஸ்ஸிங் ரூம்ல நான்தான் டூட்டி. டாக்டர் ஆபரேசன்ல இருக்காரு. சத்தம் கேட்டு பிரகதாம்பாள் ஓடியாந்தா. தம்பியைப் பாத்ததும் அவ மூஞ்சி செத்துப் போச்சு. துண்டை அவிழ்க்கப் போன என் கையைப் புடிச்சுக்கிட்டு நின்னா.

மெல்ல அவ காதுல சொன்னேன், "நீ வெளியில போடி. நான் பாத்துக்கிறேன். ஒன் தம்பி காயத்தை நீ பாக்கக்கூடாது, அது மொறையில்ல."

"நான் வெளியில போனா நீங்க எனக்காக வெட்டுன்னு சொல்லிருவீங்கக்கா."

பாருங்க, என் மனசுல ஓடினதை அப்படியே படிச்சுட்டா. ஆமா, சொல்லியிருப்பேன். அழகுமலை எனக்கு யாரு? அவனை நான் கண்ணால கூடப் பாத்ததில்ல. பிரகதா என் கூடப்பொறக்காத பொறப்பு.

துண்டை அவ கையாலயே அவிழ்த்தா. நேரா, நீளமா, பொளந்த கோடு. பாக்கறவன் எவனும் அருவான்னுதான் சொல்லுவான். அவ பூதக்கண்ணாடியை வச்சுக் குனிஞ்சா. கொஞ்ச நேரம் நிமிரவே இல்ல. நிமிந்தப்ப கண்ணாடியை என்கிட்ட நீட்டினா. "நீங்க பாருங்கக்கா. ஓரம் எப்படி இருக்கு?"

பாத்தேன். "கன்னியிருக்கு."

"உள்ள?"

"நார் நாரா நிக்குது."

"முடி?"

நான் கண்ணாடியைக் கீழ வச்சுட்டேன். அவ திரும்பவும் கேட்டா. "நசுங்கியிருக்கு"ன்னேன்.

"அப்ப என்ன காயம்?"

அவளே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! என்னை ஏன் சொல்ல வைக்கிறான்னு ஆத்திரமா வந்துச்சு. ஆனா அவ கண்ணைப் பாத்தப்ப புரிஞ்சுச்சு. அவளால சொல்ல முடியல, சொல்லாமலும் விட முடியல. "கிழிசல்"னு சொன்னேன். அருவாப் புடியாலயோ கம்பாலயோ அடிச்சிருக்கான், வெட்டல.

நாகராசு மயக்கமா இருக்கான்னு நெனச்சோம். கேட்டுக்கிட்டுத்தான் கெடந்திருக்கான். அக்கா கையைப் புடிச்சுக்கிட்டான். "அக்கா, வெட்டுன்னு சொல்லுக்கா. ஒரு வார்த்தைதானே. எனக்காகச் சொல்லு."

"ஒரு வார்த்தைதான்டா. அந்த ஒரு வார்த்தைக்கு அவன் ஏழு வருசம் உள்ள கெடக்கணுமே. அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கு."

"அப்ப ஒனக்கு அவன்தான் பெருசாப் போயிட்டான்."

முடியில கத்தரி படறதுக்கு முன்னாடி டாக்டரைக் கூப்பிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினா. டாக்டர் வந்து அவரு கண்ணாலயே நிதானமாப் பாத்தாரு, அடிபட்டுக் கிழிஞ்ச காயம்னு எழுதினாரு. "தையலுக்கு வேற ஆளை வச்சுக்கிறேன், நீங்க போங்க சிஸ்டர்"னாரு. அவ போகல. தையல் போட்டு முடிக்கிற வரைக்கும் தம்பி தலையை ரெண்டு கையாலயும் தாங்கிக்கிட்டு நின்னா. எந்திரிச்சு ஒக்காந்ததும் அவன் சொன்ன மொத பேச்சு, "இனிமே எனக்கு அக்கா இல்ல."

அழகுமலை அபராதம் கட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டான். எழவு விழுந்த மாதிரி ஆனது இவ வீடுதான். அடுத்த வருசம் காது குத்துக்கு நாள் பாத்துட்டு, வெத்தலை பாக்குத் தட்டோட தம்பி வீட்டுக்குப் போனா. கதவைச் சாத்திட்டான். ரெண்டாந்தடவை நானும் கூடப் போனேன். வாசல்ல நின்னு நான் போட்ட சத்தத்துல தெருவே கூடிருச்சு, அந்தக் கதவு மட்டும் தொறக்கல. "விடுங்கக்கா, அவனுக்கு வலி ஆறல"ன்னு என்னை இழுத்துக்கிட்டு வந்தா. அவன் மண்டை எப்பவோ ஆறிருச்சுடி, ஒனக்குத்தான் ஆறலன்னு வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தேன்.

காது குத்து அன்னைக்குக் கோயில்ல எல்லாம் ரெடி. ஆசாரி வந்தாச்சு, கெடா வெட்டியாச்சு, மாமன் ஒக்கார்ற மனை காலியாக் கெடக்கு. சனம் குசுகுசுன்னு பேச ஆரம்பிச்சிருச்சு. அப்பத்தான் அழகுமலை வந்தான். பெரிய தட்டு, அதுல தோடு, வளையல், பட்டுப்பாவாடை, தேங்காய் பழம். சித்தப்பன் மவன், மொறைக்கு அவனும் தாய்மாமன்தான். எனக்கு நெஞ்சுல பால் வாத்த மாதிரி இருந்துச்சு. "வாப்பா மவராசா, வந்து மனையில ஒக்காரு"ன்னு நானே கூப்பிட்டேன்.

பிரகதாம்பாள் குறுக்க வந்து நின்னா. "வாங்கண்ணே, வந்தது சந்தோசம். இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க. ஆனா தட்டை வண்டியிலயே வச்சுருங்க."

"ஏந்தங்கச்சி? நீ இல்லாட்டி நான் இன்னைக்கு செயில்ல..."

"அதனாலதான் வேணாங்கிறேன். இந்தத் தட்டை நான் வாங்கிட்டா, ஒங்களுக்காகச் சொன்னதா ஆயிரும். நான் ஒங்களுக்காகவும் சொல்லல, அவனுக்கு எதிராவும் சொல்லல. காயம் அப்படி இருந்துச்சு, அவ்வளவுதான்."

அழகுமலை தட்டோட அப்படியே நின்னான். அவன் கண்ணு கலங்கிருச்சு. பிரகதாம்பாள் போயி அந்த மனையில தானே ஒக்காந்து, புள்ளையைத் தன் மடியில வச்சுக்கிட்டு, "குத்துங்க ஆசாரி"ன்னா. பெத்தவ மடியிலயே காது குத்தற கூத்தை அங்க யாரும் பாத்ததில்ல. கெழவிங்க வாயில முந்தானையை வச்சுக்கிட்டாங்க. மீனம்மாள் வீல்னு கத்துச்சு. எனக்கு ஆத்திரம் தாங்கல. என்னடி பொம்பள நீ, ஒரு எடத்துலயாச்சும் வளைஞ்சு குடுக்க மாட்டியான்னு அத்தனை பேர் முன்னாடியும் கத்திட்டேன். அன்னைக்குப் பந்தியில ஒரு வாய்ச் சோறு அவளுக்கு எறங்கல, நான் பக்கத்துலயே இருந்து பாத்தேன்.

அதுக்கப்புறமும் பாடம் நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. மணமேல்குடி, திருவரங்குளம் பக்கமிருந்தெல்லாம் நர்ஸுங்க வந்து கத்துக்கிட்டுப் போனாங்க. அவளுக்கு ஒரு நல்ல நாள் பொல்லாத நாளுக்குத் தாய்வீட்டுலேருந்து ஒரு மொழம் பூ வந்ததில்ல.

அஞ்சாறு வருசம் ஓடிப்போச்சு. ஒரு நாள் காலையில வெளிநோயாளி வரிசையில பாக்கறேன், நாகராசு நிக்கிறான். தோள்ல நாலு வயசுப் பொட்டப்புள்ள. அவன் மவ, அழகின்னு பேரு. கெண்டைக்கால்ல துணி சுத்தியிருக்கு. நேரா பிரகதாம்பாள் மேசைக்கு முன்னாடி வந்து நின்னான்.

"நர்ஸம்மா"ன்னான்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கே நெஞ்சுல முள்ளு குத்துச்சுன்னா அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

"நர்ஸம்மா, புள்ள வேலியோரம் வெளாண்டுக்கிட்டிருந்துச்சுங்க. அழுதுக்கிட்டு ஓடியாந்துச்சு. கேட்டா ஒரு நேரம் நாய்ங்குது, ஒரு நேரம் முள்ளுங்குது. வீட்டுல எல்லாரும் முள்ளுதான்னு சாதிக்கிறாங்க. வயித்துல ஊசி போடணுமேன்னு பயம். நீங்க பாத்துச் சொல்லுங்க. முள்ளா, பல்லா?"

அவ புள்ளையை வாங்கி மேசையில ஒக்கார வச்சா. துணியை அவிழ்த்து, கண்ணாடியை வச்சுப் பாத்தா. பாக்கறதுக்கு ரெண்டு கீறல், அவ்வளவுதான். இந்தப் பக்கம் பாத்தா, காலைத் திருப்பி அந்தப் பக்கம் பாத்தா. "முள்ளுன்னா ஒரே பக்கமா இழுத்துக்கிட்டுப் போகும். இது ரெண்டு பக்கமும் கவ்வியிருக்கு. இங்கிட்டு ரெண்டு குழி, அங்கிட்டு அதுக்கு நேரா ரெண்டு. பல்லுதான்."

"நெசமாவாங்க?"

"நெசந்தான்."

மூஞ்சி வெளுத்துப் போயி, "அப்ப ஊசியைப் போட்டுருங்க நர்ஸம்மா"ன்னான். சத்திரத்துல தங்கிக்கிட்டு தினமும் புள்ளையைத் தூக்கிட்டு வருவான். தொப்புளைச் சுத்தித் தினம் ஒரு ஊசி. புள்ள அலறும், பிரகதாம்பாள் தன் கையாலயே போடுவா, போட்டுட்டு இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு வராண்டாவுல நடப்பா. "யாருப்பா இவங்க?"ன்னு புள்ள கேட்டப்பகூட அவன் "நர்ஸம்மா"ன்னுதான் சொன்னான். நடுவுல ஊருலேருந்து சேதி வந்துச்சு, அந்த நாய் ரெண்டு மாட்டைக் கடிச்சுட்டு வெறி புடிச்சுச் செத்துப்போச்சாம். முள்ளுன்னு விட்டிருந்தா அந்தப் புள்ளையைப் பொதைச்சிருப்பாங்க.

கடைசி ஊசி அன்னைக்கு, "வாரோம் நர்ஸம்மா"ன்னு கும்பிட்டுட்டுக் கெளம்பினான். புள்ளையும் அதே மாதிரி கையைக் கூப்பி, "வாரேன் நர்ஸம்மா"ன்னு மழலையில சொல்லுச்சு. அத்தைன்னு கூப்பிட வேண்டிய புள்ள! பிரகதாம்பாள் சிரிச்சுக்கிட்டே கையாட்டிட்டு மருந்து ரூமுக்குள்ள போனா. நான் போய் எட்டிப் பாத்தேன். அலமாரியில தலையை முட்டுக் குடுத்து அழுதுக்கிட்டிருந்தா.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! போட்ட வேலையைப் போட்டபடி விட்டுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அவன் வல்லத்திராக்கோட்டை பஸ்ஸுல ஏறப் போனான், சட்டையைப் புடிச்சுட்டேன்.

"டேய் நாகராசு! நீ மனுசனா? இடுப்புல வச்சு வளத்தவடா அவ. ஒன் புள்ள உசிரைத் திருப்பிக் குடுத்திருக்கா. அக்கான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டா ஒன் நாக்கு என்ன அழுகிப் போயிருமா?"

அவன் கோவப்படல. புள்ளையை பஸ்ஸுக்குள்ள ஒக்கார வச்சுட்டுக் கீழ எறங்கி வந்தான். "வழியில எத்தனையோ வைத்தியரு இருக்காங்க. எல்லாரும் என் மனசறிஞ்சு முள்ளுன்னு சொல்லிருவாங்க. அவங்க சொல்ல மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் இம்புட்டுத் தூரம் வந்தேன். நெசம் வேணும்னா நர்ஸம்மாகிட்ட வரலாம். அக்கா வேணும்னா நான் எங்கிட்டுப் போறது?"

அவன் ஏறிக்கிட்டான். பஸ் கெளம்பிருச்சு.

திரும்பி வந்தப்ப அவ மூஞ்சியைக் கழுவிட்டு மேசையைத் தொடச்சுக்கிட்டிருந்தா. நான் எங்க போயிட்டு வந்தேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. "என்ன சொன்னான்?"னு கேட்டா.

"அக்காவைக் கேட்டதாச் சொல்லச் சொன்னான்"னேன்.

தொடைக்கிறதை நிறுத்திட்டு என் மூஞ்சியையே உத்துப் பாத்தா. "அவன் அப்படிச் சொல்லலக்கா"ன்னா.

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

"புள்ளைக்கு பஸ்ஸுல எடம் கெடைச்சுதா?"

"கெடைச்சுச்சு. ஜன்னலோரம்"னேன். அது நெசம். அவளும் நம்பினா.